பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே

பம்மல்
22.6.2003, ஞாயிறு

அன்புள்ள எபி அண்ணாவுக்கு,

ஜெரூஷா எழுதுவது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் சர்க்கரை இந்த வாரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. ஜபல்பூரில் வெயில் தணிந்ததா? மெஸ்ஸில் சோறு போடுகிறார்களா, இன்னும் சப்பாத்திதானா?

நீ லீவு முடிந்து ரயிலேறிய மறுநாளே எதிர்வீட்டு சரளா அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னா ஆன்ட்டி, எபி பெரிய பிளேயரு, கம்பெனியே கூப்ட்டு வேலை குடுத்துச்சுன்றீங்கோ. தாம்பரம் டோர்னமெண்ட்டுல பாத்தேன், பாதி நேரம் பெஞ்சுல குந்திகினு கீறான். அதுக்கா சம்பளம்?" என்றாள். நான் விதிகளை விளக்க வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஏன்டி, கல்யாண வீட்ல உக்காந்தவுடனே பாயசத்தை ஊத்திடுவாங்களா? எல்லாம் ஒரு சுத்து வந்தப்புறம்தானே? என் புள்ள பாயசம்."

ஏழு வருடமாக உன் பாஸ்கெட்பால் ஆட்டத்தைப் பார்க்கிறேன். ஐந்து பேர் தொடங்குவார்கள், களைப்பார்கள், பின்தங்குவார்கள். மூன்றாவது குவார்ட்டரில் பம்மல் ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "எபியை எறக்கு, எபியை எறக்கு" என்று கத்த ஆரம்பிப்பார்கள். நீ வார்ம்-அப் சட்டையைக் கழற்றுவாய். அதற்குப் பிறகு நடப்பதை என்னால் இன்றுவரை இரண்டு வரியில் எழுத முடிந்ததில்லை. அம்மா அதை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

இரண்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைக்கும் மூன்று நிமிடமும் அம்மாவுடையது. உன் கடிதத்தையும் சர்ச் முடிந்து வந்ததும் உரக்க வாசிக்கச் சொல்கிறாள், சரளா அக்காவும் வந்து கேட்கிறாள். அதனால் எனக்கு மட்டும் ஏதாவது எழுத நினைத்தால் நான் வேலை பார்க்கும் குரோம்பேட்டை ஸ்கூல் விலாசத்துக்கு எழுது. இன்னொன்று, வழக்கம்போல ஸ்கோர் ஷீட் நகலை அனுப்ப மறக்காதே. ஜெயித்தால் இளஞ்சிவப்பு, தோற்றால் மஞ்சள். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்திருக்கின்றன. என் பீரோவில் புத்தகங்களைவிட அவைதான் அதிக இடம் பிடிக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
ஜெரூஷா


சாத்புரா உரக் கம்பெனி குடியிருப்பு
ஜபல்பூர்
13.7.2003

அன்புள்ள ஜெரூவுக்கும் அம்மாவுக்கும்,

கர்த்தர் கிருபையால் குறையில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. வாரத்தில் ஒரு நாள் சோறு போடுகிறார்கள். அதைச் சோறு என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

இளஞ்சிவப்பு ஒன்று இணைத்திருக்கிறேன். இந்தூர் ஃபைனல். பதினொரு பாயிண்ட் பின்னால் இருந்தபோது இறக்கினார்கள். பன்னிரண்டாம் எண்ணைப் பார், பத்தொன்பது பாயிண்ட். இங்கத்துப் பேப்பரில் 'பெஞ்சின் பாதுஷா' என்று போட்டோவோடு போட்டார்கள். ஹேமநாத் (நம் அஸ்தினாபுரத்துப் பையன்தான், எனக்குப் பக்கத்துக் கட்டில்) அதைச் சுவரில் ஒட்டி, கீழே 'ஒரு கிலோ நூற்றிருபது ரூபாய்' என்று எழுதிவைத்திருக்கிறான்.

சரளாவிடம் சொல்: பெஞ்ச் என்பது ஓய்வெடுக்கிற இடம் இல்லை. எதிராளிகளில் எவன் இடது பக்கம் மட்டும் திரும்புகிறான், எவனுக்கு மூச்சு வாங்கினால் கை இடுப்புக்குப் போகிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். முதல் ஐந்து பேர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கும்போது நான் அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் வேலைதான், ஜெரூ. என்ன, என்னுடைய புத்தகம் வேர்க்கும்.

அம்மா கேட்ட விஷயம். மூன்று வருட ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்கு முன் கமிட்டி கூடி நிரந்தரம் செய்யும். ஒரே நிபந்தனை, கடைசி ஆறு மாதத்தில் அகில இந்தியப் போட்டி ஒன்றில் ஒரு ஆட்டமாவது இறங்கியிருக்க வேண்டும். கமிட்டியில் யாருக்கும் பாஸ்கெட்பால் தெரியாது. ஸ்கோர் ஷீட்டைப் பிரித்து, எண்ணுக்கு எதிரே பெருக்கல் குறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ரிடையர் ஆகும்வரை வேலை. எனக்கு மாதத்துக்கு ஐந்து குறி விழுகிறது. அம்மா நிம்மதியாக இருக்கலாம்.

அன்புடன்,
எபி


ஜபல்பூர்
5.10.2003

அன்புள்ள அம்மாவுக்கும் ஜெரூவுக்கும்,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா?

ஆகஸ்டில் பிராக்டிஸில் முட்டி லேசாகப் பிசகியது. ஐஸ் வைத்தேன், சரியாகிவிட்டது. போனில் சொன்னால் அம்மா உபவாச ஜெபம் வைத்துவிடுவார்கள் என்றுதான் சொல்லவில்லை.

ஷீட் இரண்டு இணைத்திருக்கிறேன், ஒன்று மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு. இரண்டிலும் இறங்கினேன். பாயிண்ட் இல்லை. கோச் இப்போது என்னை எதிராளியைத் தடுப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறார். அதுவும் ஒரு வேலைதான்.

இங்கே தசரா விடுமுறை. குடியிருப்பே காலி. வேறு விசேஷம் இல்லை.

எபி


பம்மல்
19.10.2003, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்ததில் வீட்டில் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அம்மா நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்ததை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

ஷீட்டுகளைக் கோப்பில் வைத்துவிட்டேன். நூற்றுப் பதினைந்து. பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே குறி இருப்பதை அம்மாவுக்குத் தொட்டுக் காட்டினேன். "பாயிண்ட் எடுக்காட்டி இன்னா, எறங்குனான்ல? மார்ச்சுக்கு அது போதும்" என்று சரளா அக்கா தீர்ப்பு சொன்னாள். அவள் இப்போது விதிகளில் எனக்கு மேல்.

ஒரு செய்தி. மாநில ஸ்கோரர் பரீட்சையில் பாஸாகிவிட்டேன். நம் கிளப் சவுரிமுத்து சார் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "எபிய கோர்ட்டுக்கு நான் இட்டாந்தேன், அவன் தங்கச்சிய டேபிளுக்கு இட்டாந்துட்டேன். இன்னும் உங்கம்மா ஒருத்திதான் பாக்கி" என்றார். பொங்கலையொட்டி நம் தாம்பரம் கிளப் கோர்ட்டில் அகில இந்தியப் போட்டி நடக்கிறதாம். உங்கள் அணியையும் அழைத்திருக்கிறார்கள். என்னை ஸ்கோரராகப் போட்டிருக்கிறார். நீ இறங்கும்போது உன் எண்ணுக்கு எதிரே குறி போடப்போவது நான்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்.
ஜெரூஷா


19.10.2003
(அனுப்பவில்லை)

அண்ணா,

இதை அனுப்பப்போவதில்லை. அதனால் நலம் விசாரிக்கவும் இல்லை.

ஸ்கோரர் எழுதுவது வெள்ளைத் தாளில். அடியில் கார்பன் வைத்து எடுக்கிற நகல்தான் நீ அனுப்புவது. அதில் எல்லா எழுத்தும் ஒரே மங்கல் நீலமாகத்தான் இருக்கும். நீ அனுப்பிய இரண்டிலும் எல்லாம் மங்கல் நீலம், உன் எண்ணுக்கு எதிரே இருக்கும் குறி மட்டும் பேனா மை. பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது.

அது தெரியாமல் போயிருந்தாலும் ஃபவுல் கட்டம் சொல்லியிருக்கும். எதிராளியைத் தடுக்கத்தான் இறங்கினாய் என்றால் ஒரு ஃபவுல்கூட வாங்காமலா? நூற்றுப் பதின்மூன்று ஷீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை.

நீ இறங்கவில்லை. ஆகஸ்டிலிருந்தே இறங்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்தபடி நகல் வாங்கி, அறைக்கு எடுத்துப்போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தக் குறியைப் போட்டிருப்பாய். எந்தப் பேனாவால் போடலாம் என்று யோசித்திருப்பாய். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வர மறுக்கிறது.

கேட்கலாம். கேட்டால் நீ பதில் சொல்லியாக வேண்டும், பதில் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். இந்தப் பொய்யை நீ எழுதிக்கொண்டிருக்கும்வரை திரும்பவும் இறங்குவோம் என்று நம்புகிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

அம்மா கூப்பிடுகிறாள். சரளா அக்காவின் மாமியாரும் வந்திருக்கிறாள். உன் கடிதத்தை இன்னொரு தரம் வாசிக்க வேண்டுமாம்.


ஜபல்பூர்
14.12.2003

அன்புள்ள ஜெரூ,

ஸ்கூல் விலாசத்துக்கு எழுதுகிறேன், வாசித்துக் காட்டாதே. உன் இருமல் போனில் கேட்டது. கஷாயம் குடி. நான் சுகம்தான்.

தாம்பரத்துக்கு வருகிறோம். பன்னிரண்டு பேர் பட்டியலில் கோச் என் பெயரையும் எழுதிவிட்டார். நான்தான் கேட்டுக்கொண்டேன். 'சொந்த ஊர், சார். அந்தச் சட்டையோடு ஒரு முறை அங்கே உட்கார வேண்டும்' என்றேன். நல்ல மனிதர். தலையை ஆட்டினார்.

அம்மாவைக் கோர்ட்டுக்குக் கூட்டி வராதே. கொசு அதிகம், படிக்கட்டு உயரம், ஏதாவது சொல்லிவிடு. ஆட்டோக்காரர்களை நீ ஒன்றும் செய்ய முடியாது, வருவார்கள்.

நீ மேஜையில் இருக்கப்போகிறாய் என்பதை நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது. எனக்குப் பெஞ்ச், உனக்கு நாற்காலி, நடுவில் ஆறடி.

ஹேமநாத் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். கம்பெனி விஷயம். பலித்தால் எழுதுகிறேன். பலிக்கும்வரை சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. அம்மாவிடம் நீ சொன்னால் அழமாட்டார்கள்.

எபி


ஜபல்பூர்
27.1.2004

அன்புள்ள ஜெரூ,

இதுவும் ஸ்கூல் விலாசத்துக்குத்தான். சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை நாக்பூருக்குள் அணியே தின்று தீர்த்துவிட்டது.

பதினாறாம் தேதி ஆட்டத்தைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அந்த இரண்டு மணி நேரமும் மீன் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கோச் என்னை இறக்காததற்குக் காரணம் உண்டு. பிறகு எழுதுகிறேன். அவர்மேல் தப்பில்லை.

ஆட்டோக்காரர்கள் கத்தியது உனக்கு மேஜையில் கேட்டிருக்கும். மூன்றாவது குவார்ட்டர் முழுக்க. நான்காவது முழுக்க. கோச்சுக்குத் தமிழ் தெரியாது. 'என்ன சொல்கிறார்கள்?' என்று என்னைக் கேட்டார். 'நம் அணி ஜெயிக்க வேண்டும் என்கிறார்கள்' என்றேன். அவருக்குச் சந்தோஷம். அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர்கள் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

முடிந்ததும் சவுரிமுத்து சார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாபா, கோச்சாண்ட சண்டையா? நான் வேணா பேசட்டா?" ஒன்றுமில்லை சார் என்றேன். அவர் என் கையை விடவே இல்லை.

நீ மேஜையிலிருந்து ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நன்றி.

எபி


பம்மல்
8.2.2004, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. அம்மாவுக்குக் காலில் வீக்கம், ஆனால் நடக்கிறாள், சர்ச்சுக்கு வருகிறாள். உன் உடம்பு தேவலை என்று நம்புகிறேன்.

அன்றைக்கு நீ தரையில் உட்காராமல் நாற்காலி கேட்டதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "வடக்கே போயி துரை ஆயிட்டான்." காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்து, "வளந்துட்டானோ இன்னும்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

உன்னைப் பார்க்காமல் இருந்ததற்கு நன்றி சொல்லியிருந்தாய். ஸ்கோரர் பார்க்க வேண்டியது கோர்ட்டையும் தாளையும்தான். பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு ஆட்டம் போதும் என்று நீதானே எழுதியிருந்தாய்? நடக்கும். ஏன் என்று கேட்காதே. நடந்த பிறகு, எப்போதாவது கோர்ட் பக்கம் போகும்போது சொல்கிறேன்.

காரணத்தைப் பிறகு எழுதுவதாகச் சொன்னாய். அவசரமில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஜெரூஷா


ஜபல்பூர்
21.3.2004

ஜெரூ,

ஸ்கூல் விலாசம். தனியாக இருக்கும்போது வாசி. நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

இனி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை பிராக்டிஸில் வலது முட்டியில் தசைநார் அறுந்தது. லேசாகப் பிசகவில்லை. சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். நடக்கலாம், இனி ஆட முடியாது. அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. அக்டோபரில் அனுப்பிய ஷீட்டுகளில் இருந்த குறி நான் போட்டது. உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

ஹேமநாத் சொன்ன யோசனை இதுதான். கம்பெனியில் இன்னொரு விதி இருக்கிறது. கம்பெனி பிராக்டிஸில் அடிபட்டு ஆட முடியாமல் போன ஆட்டக்காரனுக்கு, டாக்டர் போர்டு எழுதிக்கொடுத்தால், ஸ்டோர்ஸிலோ ஆபீஸிலோ நிரந்தர வேலை. ஜனவரி ஐந்தாம் தேதி மனு கொடுத்தேன். தாம்பரத்துக்கு வருவதற்கு முன்பே. உன்னிடம் சொல்லியிருக்கலாம். மனுவில் 'இனி ஆட இயலாது' என்று என் கையால் எழுதினேன், அதை இன்னொரு தாளில் உனக்கும் எழுதக் கை வரவில்லை.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி விசாரணை. போர்டு டாக்டர்கள் மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். அங்கே இருந்த அதிகாரி ஒவ்வொரு ஷீட்டாகத் திருப்பினார். செப்டம்பர், இல்லை. அக்டோபர், இல்லை. நவம்பர், டிசம்பர், இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு ஒரு மஞ்சள் ஷீட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். 'ஆகஸ்டிலிருந்து ஆடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனவரி பதினாறாம் தேதி தாம்பரத்தில் ஆடியிருக்கிறீர்களே?'

பன்னிரண்டுக்கு எதிரே குறி இருந்தது.

இறங்கவில்லை என்று கோச் சொன்னார். ஹேமநாத் சொன்னான். 'ரெஃப்ரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் உங்களை நம்புவதா, இதை நம்புவதா?' என்றார். ஜனவரியில் ஆடினேன் என்றால் அடி அதற்குப் பிறகு வெளியில் எங்கோ பட்டது, கம்பெனிக்குப் பொறுப்பில்லை. ஆகஸ்டிலேயே அடிபட்டது என்றால் அதை மறைத்து ஆடினேன், அதற்கும் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனு தள்ளுபடி. ஆடுகிறவன் என்ற கணக்கிலும் எடுக்க முடியாது, போர்டுதான் ஆட முடியாது என்று எழுதிவிட்டதே. முப்பத்தொன்றாம் தேதி அறையைக் காலி செய்ய வேண்டும்.

அது கார்பன் நீலம்தான், ஜெரூ. அசல் குறி. இரண்டாவது கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்கிற ஸ்கோரர் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

அங்கே நான் அதைச் சொல்லவில்லை.

எபி


பம்மல்
4.4.2004, குருத்தோலை ஞாயிறு

அண்ணா,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. ஹேமநாத்தின் விலாசத்துக்கு எழுதுகிறேன், அவன் சேர்த்துவிடுவான். நல்லபடியாக இருக்கிறாய் என்று யாராவது சொன்னால் போதும்.

நான்தான் போட்டேன்.

அக்டோபரிலேயே எனக்குத் தெரியும். நீ போட்ட பொய்க் குறி கமிட்டிக்கு உதவாது, அவர்களிடம் இருப்பது வேறு நகல் என்பதும் தெரியும். ஆறு மாதத்தில் ஒரு குறி போதும் என்று ஜூலையில் நீ எழுதிய வரியைத்தான் கையில் வைத்திருந்தேன். ஒரு தாள், ஒரு கட்டம், இரண்டு கோடு. உனக்கு வாழ்நாள் முழுவதுக்கும் என்னால் செய்ய முடிந்தது என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. நீ மனு கொடுத்திருந்ததை நான் அறியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். கேட்காமல் இருப்பதைப் பெரிய அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் சவுரிமுத்து சாரிடம் போனேன். சொன்னேன். "ஏம்மா, நீயா?" என்றார். பிறகு, "யாரு வேணா பொய் ஆடலாம்மா. ஃபவுலே இல்லாதப்ப கீழ வுழுவான், பால் மேல கை பட்டும் படலம்பான். அதெல்லாம் ஆட்டத்துல உண்டு. டேபிள்ல மட்டும் கூடாது. டேபிள் போச்சுன்னா நாம நாப்பது நிமிசம் சும்மா ஓடிகினு இருக்கோம்னு அர்த்தம்." அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மாநில பாஸ்கெட்பால் சங்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தக் குறி பொய், பன்னிரண்டாம் எண் இறங்கவில்லை, போட்டது ஸ்கோரராகிய நான், ஆட்டக்காரருக்கு இது தெரியாது என்று. அதன் நகலை உன் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இனி நான் எந்த மேஜையிலும் உட்கார முடியாது. அது ஒன்றுமில்லை. உன்னோடு ஒப்பிடும்போது எனக்குப் போனதற்கு ஒரு பெயர்கூட வைக்க முடியாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வா.

ஜெரூஷா


பின் அறை
9.5.2004

ஜெரூ,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. மூன்று வாரமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நீ உப்பை எடுத்து என் பக்கம் நகர்த்துகிறாய், நான் தண்ணீரை நகர்த்துகிறேன்.

எல்லாரிடமும் நான் லீவில் வந்திருப்பதாக அம்மா சொல்கிறார்கள். சரளா நேற்று வாசலில் மறித்து, "இன்னாடா பாயாசம், எப்ப திரும்பிப் போற?" என்றாள். அடுத்த வாரம் என்றேன்.

கம்பெனியின் பதில் கடிதத்தை நீ என் தலையணை மேல் வைத்ததைப் பார்த்தேன். ரெஃப்ரி கையெழுத்திட்ட ஷீட்டைத் திருத்த முடியாது, விஷயம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. சரி. எதிர்பார்த்ததுதான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மையா என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எழுதியே பதில் சொல். ஷீட்டில் குறி இருக்கும், நேரம் இருக்காது. எந்த நிமிடத்தில் என்னை இறக்கினாய்?

எபி


முன் அறை
9.5.2004, ஞாயிறு

அண்ணா,

சொல்கிறேன்.

மூன்றாவது குவார்ட்டரில் அவர்கள் கத்தும்போது ஒரு தடவை பேனாவை உன் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். போடவில்லை. நீ எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன். நான்காவதிலும் காத்திருந்தேன். கடைசி இரண்டு நிமிடத்தில் உங்கள் அணி நான்கு பாயிண்ட் பின்னால் இருந்தது. அது உன் நேரம். கோச் பெஞ்சைப் பார்த்து வேறு ஒருவனைக் கூப்பிட்டார்.

ஹாரன் அடித்து ஆட்டம் முடிந்தது. இரண்டு அணியும் கை குலுக்கிக்கொண்டார்கள். விளக்கில் பாதியை அணைத்துவிட்டார்கள். நேரம் பார்க்கிற டைமர் தன் கடிகாரத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். ரெஃப்ரி கையெழுத்துப் போடத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே மேஜைக்கு வந்துகொண்டிருந்தார். நீ குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கையால் முட்டியைப் பிடித்திருந்தாய். அன்று முதல் தடவையாக உன்னைப் பார்த்தேன். அப்போதுதான் போட்டேன்.

எந்த நிமிடத்திலும் இல்லை, அண்ணா. எல்லாம் முடிந்த பிறகு.

இன்று சர்ச் முடிந்து வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முட்டி, ஷீட், நான் செய்தது, வேலை போனது, எல்லாம். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. கம்பெனியைத் திட்டுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். ஒரு பிடி பீன்ஸ் தீர்ந்து அடுத்த பிடியை எடுத்தாள்.

"ஆகஸ்ட்லேர்ந்தா?" என்றாள்.

"ஆமாம்மா."

"இன்னும் வலிக்குதாமா அவனுக்கு?"

"தெரியல."

"நீ கேக்கலையா?"

ஒன்பது மாதம். நீ இந்த வீட்டுக்கு வந்தே மூன்று வாரம்.

வலிக்கிறதா, அண்ணா?

ஜெரூஷா